வேலிக்கு ஓணான் சாட்சி

ஆல்வின்னர் ஏ64 சிப் பொருத்திய மலிவான போர்டுகளில் லினக்ஸ் ஓட்டியவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேடிக்கையைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று தேதி 95 ஆண்டு முன்னே போய் நிற்கும். 2018-இல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவருக்குத் திரையில் 2113. பாதுகாப்புச் சான்றிதழ்கள் அத்தனையும் காலாவதி. எந்த இணையதளமும் திறக்காது. ரீபூட் செய்தால் சரியாகும், இன்னொரு நாள் மறுபடியும் தாவும்.

அதென்ன கணக்காக 95? அந்தச் சிப்பில் நேரம் காட்டும் கவுண்டர் நொடிக்கு 2.4 கோடி முறை கூடுகிறது. கெர்னல் அதை 56 பிட் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. 24 மெகாஹெர்ட்ஸில் 56 பிட் நிரம்ப 95 ஆண்டு பிடிக்கும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: 00000-இல் நிற்பதை ஒரு கட்டம் பின்னால் உருட்டினால் 99999 வந்துவிடும். இங்கே நடந்ததும் அதுதான். இப்போது படித்த எண்ணிலிருந்து போன தடவை படித்ததைக் கழித்து, 'இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது' என்று கெர்னல் கணக்குப் போடுகிறது. சிப்பில் இருந்த குறையால், கவுண்டரின் கீழ்ப் பிட்டுகள் புரளும் தறுவாயில் படித்தால் கடுகளவு பின்வாங்கிய எண் வந்துவிடும். கழித்தால் எதிர்மறை. 56 பிட்டுக்குள் எதிர்மறை என்றால் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. கவுண்டர் கண் இமைக்கும் நேரத்தில் சிறு பங்குகூடப் பின்வாங்கவில்லை. கெர்னல் அதை ஒரு தலைமுறைக்கு மேல் முன்னே போனதாகப் புரிந்துகொண்டது.

2019-இல் லினக்ஸில் சேர்ந்த மருந்து சில வரிதான். படித்த எண்ணின் கீழ்ப் பிட்டுகள் எல்லாமே பூஜ்யமாகவோ எல்லாமே ஒன்றாகவோ இருந்தால் அந்த வாசிப்பை நம்பாதே, மறுபடி படி. சிப்பைத் திருத்த முடியாது. அது எந்தக் கணத்தில் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டு அந்தக் கணத்தில் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

இயங்குதள கெர்னல்கள் செயலியின் கவுண்டரோடு முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் குடித்தனம் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு கடிகாரம் பொய் சொல்கிறதா என்று பார்க்க இன்னொரு கடிகாரம் வேண்டும். அந்த இன்னொன்றை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை செய்யப்பட்டதை ஒரு சுற்று பார்த்துவரலாம். கதையின் பெரும்பகுதி இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 உலகத்தில் நடக்கிறது. அதிகம் அடிபட்டது அங்கேதான்.

தொலைக்காட்சிப் படிகத்தில் தொடங்கியது

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் நேரம் காட்ட ஒரு தனிச் சிப் இருந்தது: இன்டெலின் 8253. அதற்குத் துடிப்பு கொடுத்தது 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம். இந்த விநோத எண் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற அலைவரிசையைப் போல நான்கு மடங்கு. பிசியை வண்ணத் திரையோடு இணைக்க அந்தப் படிகம் எப்படியும் வேண்டும், கடையில் மலிவாகவும் கிடைக்கும். அதையே பன்னிரண்டால் வகுத்துக் கடிகாரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பிசியின் டைமர் நொடிக்கு 11,93,182 முறை துடித்தது. பின்னால் வந்த ஏசிபிஐ பவர் மேனேஜ்மென்ட் டைமரின் 3.579545 மெகாஹெர்ட்ஸ் அந்த நிற அலைவரிசையேதான். அமெரிக்காவில் அந்த ஒளிபரப்பு முறைக்கே விடைகொடுத்த பிறகும் அதன் நாடி கணினிகளுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த டைமர்களின் குறை வேகம். அவை செயலிக்கு வெளியே, போர்டின் மறுகோடியில் இருக்கின்றன. ஒரு தடவை படித்துவர ஒரு மைக்ரோநொடியை ஒட்டி ஆகும். செயலியின் கணக்கில் அது ஆயிரக்கணக்கான துடிப்பு. மணி பார்க்க ஒவ்வொரு முறையும் தெருக்கோடி மணிக்கூண்டுக்கு நடந்துபோய் வருவதைப் போல.

1993-இல் பென்டியம் வந்தபோது அதற்குள் 64 பிட் கவுண்டர் ஒன்று இருந்தது. பெயர் டைம் ஸ்டாம்ப் கவுண்டர், சுருக்கமாக டிஎஸ்சி. செயலி ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அது ஒன்று கூடும். படிக்க ஆர்டிடிஎஸ்சி என்ற ஒரே கட்டளை போதும். வெளியே எங்கும் போக வேண்டாம். 3 கிகாஹெர்ட்ஸில் ஓடினால்கூட நிரம்ப 190 ஆண்டுக்கு மேல் ஆகும். கெர்னல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பெயரிலேயே ஒரு கோணல் இருந்தது. கவுண்டர் எண்ணியது நேரத்தையல்ல, செயலி எத்தனை தடவை துடித்தது என்பதை. 60, 66 மெகாஹெர்ட்ஸில் மாறாமல் ஓடிய முதல் பென்டியம்களில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. செயலி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும், தூங்காது, இயந்திரத்துக்கு ஒன்றே இருக்கும், வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்று எங்கும் எழுதிவைக்காத நம்பிக்கைகள் அதற்கு அடியில் இருந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அத்தனையும் உடைந்தன.

உடைந்த விதம்

முதலில் போனது வேகம். 2000-ஐ ஒட்டி மடிக்கணினிச் செயலிகள் பேட்டரியை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தொடங்கின. வேகம் பாதியானால் கவுண்டரும் பாதி வேகத்தில் ஏறும். கெர்னல் பழைய கணக்கிலேயே பெருக்கினால் ஒரு நொடி இரண்டு நொடி நீளம் ஆகிவிடும். வேகம் மாறும்போதெல்லாம் கெர்னலுக்குத் தகவல் சொல்லி, பெருக்கும் எண்ணை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். மாற்றம் நடந்த கணத்துக்கும் தகவல் வந்த கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியவில்லை. சில இயந்திரங்களில் பயாஸே கெர்னலுக்குச் சொல்லாமல் வேகத்தை மாற்றியது.

அடுத்தது தூக்கம். வேலை இல்லாத செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது துடிப்பே நின்றுவிடும், கவுண்டரும் நின்றுவிடும். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். தூங்கிய நேரம் அதன் கணக்கில் வராது.

அதிகம் பேரைக் கடுப்பேற்றியது மூன்றாவது. 2005-இல் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டு கோர்களோடு வீடுகளுக்கு வந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனிக் கவுண்டர். ஒன்று சற்று நேரம் ஓய்வெடுத்தால் அதன் கவுண்டர் மற்றதைவிடப் பின்தங்கிவிடும், பின்தங்கிக்கொண்டே போகும். ஒரு நிரல் முதல் கோரில் நேரம் பார்த்துவிட்டு, ஷெட்யூலர் அதை இரண்டாவது கோருக்கு மாற்றியதும் மறுபடி பார்த்தால், காலம் பின்னோக்கிப் போயிருக்கும். விளையாட்டுகளில் உருவங்கள் துள்ளின, சில இடங்களில் உறைந்து நின்றன. ஏஎம்டி இதற்கென்றே விண்டோஸுக்கு ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸின் பூட் கோப்பில் 'டிஎஸ்சியை விட்டுவிட்டு பவர் மேனேஜ்மென்ட் டைமரைப் பயன்படுத்து' என்று ஒரு சுவிட்சைச் சேர்ப்பது அந்தக் காலத்து விளையாட்டுப் பிரியர்களுக்கு மனப்பாடம்.

இதற்கிடையில் இன்னொரு நுணுக்கம். இன்றைய செயலி கட்டளைகளை எழுதிய வரிசையில் செய்வதில்லை. தோதுப்பட்டதை முன்னால் இழுத்துச் செய்யும். 'நேரம் பார்' என்ற கட்டளையே அதற்கு முந்தைய வேலை முடியும் முன் நடந்துவிடலாம். முன்னால் ஒரு தடுப்புக் கட்டளையைப் போட்டு இதை அடக்கினார்கள். அதற்கும் சில துடிப்பு செலவு.

தயாரிப்பாளர்கள் கேட்காமல் இல்லை. பென்டியம் 4-இன் பிற்கால மாடல்களில் செயலியின் வேகம் மாறினாலும் கவுண்டர் ஒரே வேகத்தில் ஏறியது. 2008-இல் வந்த நெஹாலமில் உறக்கத்திலும் நிற்காமல் ஏறியது. இந்த வாக்குறுதியைச் சொல்லவே செயலியின் அடையாளப் பட்டியலில் ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறது. லினக்ஸ் அதைப் பார்த்து 'மாறாதது', 'நிற்காதது' என்று இரண்டு குறி போட்டுக்கொள்கிறது. ஆக, துடிப்பை எண்ணப் பிறந்த கவுண்டர் நேரத்தை எண்ணும் வேலைக்கு முழுமையாக மாறிவிட்டது. இப்போது அதைக்கொண்டு துடிப்பை எண்ண முடியாது. அதற்கு வேறு கவுண்டர் தேட வேண்டும்.

பிரச்சினை இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீராததற்கு முக்கியக் காரணம் பயாஸ் போன்ற ஃபர்ம்வேர். அது இயங்குதளத்துக்குத் தெரியாமல், நினைத்த நேரத்தில் செயலியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். விசிறி வேகமோ, யுஎஸ்பி விசைப்பலகையோ, ஏதோ ஒரு வேலை. வேலை முடித்துத் திரும்பும்போது, தான் எடுத்துக்கொண்ட நேரம் தெரியாதபடி சில பயாஸ்கள் கவுண்டரைப் பின்னால் திருப்பிவைத்தன! கல்லாவில் எடுத்ததை மறைக்கக் கணக்கு நோட்டைத் திருத்துவது போன்ற வேலை. ஒரு கோரில் மட்டும் திருத்தினால் அது மற்ற கோர்களோடு ஒத்துப்போகாது. மாறாதது, நிற்காதது என்று செயலி கொடுத்த வாக்குறுதி அப்போதும் உண்மைதான், திருத்தியது வேறொருவர்.

இதற்கு இன்டெல் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஸ்வெல் தலைமுறையோடு 'டிஎஸ்சி அட்ஜஸ்ட்' என்று ஒரு ரெஜிஸ்டர் வந்தது. கவுண்டரில் யாராவது நேரடியாக எழுதினால், எவ்வளவு நகர்த்தினார்கள் என்பது இதில் தானாகப் பதிவாகும். 2016-இன் கடைசியில் தாமஸ் க்லைக்ஸ்னர் லினக்ஸை இதைப் பயன்படுத்த வைத்தார். செயலி ஓய்வுக்குப் போகும் சமயங்களில் கெர்னல் அந்த ரெஜிஸ்டரை ஒரு பார்வை பார்க்கும். எண் மாறியிருந்தால் பழையபடி திருப்பி எழுதிவிட்டு, லாகில் 'ஃபர்ம்வேர் பிழை' என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டும். ஓய்வே இல்லாமல் ஓடும் செயலியை என்ன செய்வது என்று பின்னால் யோசித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கும் டைமரையும் சேர்த்தார்கள். இந்த முறையில் ஒரு கடிகாரத்தை இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. திருத்தியவரின் கைரேகை கிடைத்துவிடுகிறது.

நொடிக்கு எத்தனை?

கவுண்டர் ஒழுங்காக ஏறினாலும், நொடிக்கு எத்தனை ஏறுகிறது என்று அது சொல்வதில்லை. அதைக் கெர்னல்தான் பூட் ஆகும்போது அளக்க வேண்டும். எதை வைத்து? பழைய டைமரை வைத்து. 8253-இன் வாரிசு குறிப்பிட்ட எண்ணிக்கை துடிக்கும் வரை டிஎஸ்சி எவ்வளவு ஏறியது என்று பார்த்து வகுப்பார்கள். 2008-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய விரைவு முறை பத்து லட்சத்துக்கு 500 என்ற பிழைக்குள் வந்தால் போதும் என்று நின்றுகொண்டது. சின்னப் பிழையாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 43 நொடி. பூட் வேகமாக முடியும், ஆனால் கடிகாரம் சுமார். எனவே 2010-இல் ஜான் ஸ்டல்ட்ஸ் இரண்டாம் கட்டம் ஒன்றைச் சேர்த்தார். பூட் ஆனபின் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு நொடி நேரம் பின்னணியில் இன்னொரு முறை அளந்து, எண்ணைச் சீர் செய்துகொள்ளும்.

ஸ்கைலேக் காலத்தில் செயலியிடமே நேராகக் கேட்கும் வழி பிறந்தது. அதிலும் ஒரு கூத்து நடந்தது. ஸ்கைலேக் சியான்களின் படிகம் 25 மெகாஹெர்ட்ஸ் என்று லினக்ஸில் கையால் எழுதிவைத்திருந்தார்கள். அதே மாடல் எண்ணோடு வந்த வொர்க்ஸ்டேஷன்களில் இருந்ததோ 24 மெகாஹெர்ட்ஸ் படிகம். கடிகாரம் நூற்றுக்கு நான்கு பிசகியது. மணிக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட. சர்வர்களில் படிகம் 25-தான். ஆனால் மின்காந்த இரைச்சலைக் குறைக்கும் சுற்று ஒன்று அதன் அதிர்வெண்ணைக் கால் சதவீதம்போல இறக்கியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு நொடி அளவில் பிசகு. இணைய நேரத்தோடு சரிபார்க்கும் என்டிபியால் மெல்ல மெல்ல இழுத்துச் சரிசெய்யக்கூடியது அதே பத்து லட்சத்துக்கு 500 வரைதான். இரண்டு பிசகும் அதன் கைக்கு எட்டாதவை. 2018 தொடக்கத்தில் கையால் எழுதிவைத்த அந்த எண்ணை நீக்கி, பழையபடி அளந்துகொள்ளச் செய்தார்கள். தரவுத்தாளில் உள்ளதை நம்புவதா, அளந்து பார்த்ததை நம்புவதா என்றால் கெர்னல்காரர்கள் இரண்டாவது பக்கம் சாய்வது இந்த மாதிரி அனுபவங்களால்தான்.

காவல் நாய்

நம்பகமில்லாத கவுண்டர்களை ஒரு முறையான கட்டமைப்புக்குள் கொண்டுவந்த பெருமையில் ஃப்ரீபிஎஸ்டிக்கு முதல் பங்கு. பவுல்-ஹென்னிங் காம்ப் 'டைம்கவுண்டர்' என்ற வடிவத்தை அங்கே உருவாக்கி, 2002-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். எந்தக் கவுண்டராக இருந்தாலும் சரி: படிக்க ஒரு வழி, எத்தனை பிட், நொடிக்கு எத்தனை, தரம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் மீதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். லினக்ஸில் இதே போன்ற 'கிளாக்சோர்ஸ்' அமைப்பை ஜான் ஸ்டல்ட்ஸ் 2006-இல் கொண்டுவந்தார். அங்கே ஒவ்வொரு கடிகாரத்துக்கும் மதிப்பெண் உண்டு: டிஎஸ்சிக்கு 300, எச்பெட் என்கிற உயர்துல்லிய டைமருக்கு 250, பவர் மேனேஜ்மென்ட் டைமருக்கு 200, பழைய 8253 வம்சத்துக்கு 110. அதிக மதிப்பெண் எடுத்தவர் கையில் கடிகாரம்.

உங்கள் லினக்ஸ் கணினியிலேயே இதைப் பார்க்கலாம். சிஸ் அடைவுக்குள் கிளாக்சோர்ஸ் என்ற பகுதியில் 'இப்போதைய கடிகாரம்' என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். திறந்தால் ஒரே சொல். அந்தச் சொல் டிஎஸ்சி என்றிருந்தால், நிரல்கள் கெர்னலுக்குள் நுழையாமலே இருபது முப்பது நானோநொடியில் நேரம் பார்த்துக்கொள்கின்றன. எச்பெட் என்றிருந்தால் ஒவ்வொரு பார்வைக்கும் கெர்னலுக்குள் போய், அங்கிருந்து சிப்செட்டுக்குப் போய் வர வேண்டும். பல கோர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் குறிக்கும் தரவுத்தள சர்வரில் இந்த ஒரு சொல் மாறினால், எந்த மென்பொருளும் மாறாமல் எல்லாமே மந்தமாகிவிடும். காரணம் தெரியாமல் நிர்வாகி நெட்வொர்க்கையும் டிஸ்க்கையும் குடைந்துகொண்டிருப்பார்.

அந்தச் சொல் எப்படி மாறுகிறது? முதல் சோதனை பூட் ஆகும்போதே. ஒவ்வொரு புதுக் கோரும் எழும்போது, ஏற்கெனவே எழுந்த ஒன்றோடு சேர்ந்து ஒரு பூட்டை மாறிமாறி எடுக்கும். எடுத்தவர் தன் கவுண்டரைப் படித்து, மற்றவர் எழுதிவைத்துப் போன எண்ணோடு ஒப்பிடுவார். தன்னுடையது குறைவாக இருந்தால் காலம் பின்னால் போயிருக்கிறது என்று பொருள். அதிகபட்சம் 20 மில்லிநொடி இந்த ஆட்டம் நடக்கும். ஒரு தடவை குறைந்தாலும் டிஎஸ்சிக்குக் கதவடைப்பு. பூட்டு கைமாறும் நேரத்தைவிடச் சிறிய வித்தியாசம் இதில் அகப்படாதே என்று கேட்கலாம். அகப்படாது. ஆனால் அந்த அளவு வித்தியாசத்தை எந்த நிரலும் பார்த்துவிட முடியாது என்பதால் அது குற்றமே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இதையே வேறு வழியில் செய்தது: கவுண்டரின் கீழ்ப் பிட்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் காட்டியது. சின்ன வித்தியாசம் வெட்டியதோடு போய்விடும்.

இரண்டாவது சோதனைதான் சர்ச்சைக்குரியது: வாட்ச்டாக். அரை நொடிக்கு ஒரு தடவை டிஎஸ்சியையும் எச்பெட்டையோ பவர் மேனேஜ்மென்ட் டைமரையோ அடுத்தடுத்துப் படிக்கும். இரண்டும் காட்டும் இடைவெளி வெகுகாலம் 62.5 மில்லிநொடிவரை பிசகலாம் என்று விட்டிருந்தார்கள். அதற்கு மேல் போனால் 'டிஎஸ்சி நிலையற்றது' என்று லாகில் ஒரு வரி. உடனே பதவி பறிப்பு. மேல்முறையீடு கிடையாது, அடுத்த பூட் வரை.

இங்கேதான் நம் ஊர்ப் பழமொழி வந்து நிற்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி. மதிப்பெண் 300 வாங்கியவரை 200 வாங்கியவர் சாட்சியத்தில் தூக்கில் போடுகிறோம். பவர் மேனேஜ்மென்ட் டைமர் பல போர்டுகளில் 24 பிட்தான், 4.7 நொடிக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். ஏதோ காரணத்தால் வாட்ச்டாக்கின் முறை அதற்கு மேல் தாமதமானால் சாட்சி ஒரு சுற்றையே மறந்துவிட்டு வந்து நிற்பார், பழி டிஎஸ்சிமேல். அதன் ஒரு பழைய சிப்பில் படிக்கும்போதே தப்பான எண் வந்ததால், லினக்ஸ் அதை மூன்று தடவை படித்துப் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் நம்பும். எச்பெட்டுக்கும் நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. காஃபி லேக் போன்ற சில இன்டெல் தளங்களில் மொத்தச் சிப்பும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் எச்பெட் நின்றுவிடும், டிஎஸ்சி ஓடிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்த சாட்சி, விழித்திருந்தவர் மணியைத் தப்பாகச் சொல்கிறார் என்றது. லினக்ஸ் சாட்சியை நம்பி டிஎஸ்சியை இறக்கி, அந்தத் தூங்குமூஞ்சியையே கடிகாரமாக வைத்துக்கொண்டது! 2019-இல் அந்தத் தளங்களில் எச்பெட்டையே முடக்கி இதை நிறுத்தினார்கள்.

சாட்சி நேர்மையாக இருந்தாலும் விசாரணையே கோணலாகலாம். வாட்ச்டாக் ஒரு கடிகாரத்தைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிக்கும் முன் ஃபர்ம்வேரோ, மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசரோ குறுக்கிட்டு 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், இரண்டு நல்ல கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. 2021-இல் பால் மெக்கென்னி இதைச் சீர் செய்தார். சாட்சியை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை படித்து, நடுவில் அதிக நேரம் போயிருந்தால் அந்த அளவையே தள்ளிவிட்டு மறுபடி அளப்பது. இவ்வளவு எளிமையான காரியத்துக்கு ஏன் அத்தனை ஆண்டு என்று கேட்கத் தோன்றுகிறது. பொய்க் குற்றச்சாட்டின் விலை அதுவரை யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் என் ஊகம்; நூறு கோர் சர்வர்கள் வாடகைக்கு ஓடும் காலத்தில்தான் அது வலித்தது.

அதே ஆண்டு இன்டெலைச் சேர்ந்த ஃபெங் டாங் ஒரு படி மேலே போனார். மாறாதது, நிற்காதது, கைரேகை ரெஜிஸ்டர் உண்டு, செயலி பொருத்தும் சாக்கெட்டும் இரண்டுக்கு மேல் இல்லை என்றால் வாட்ச்டாக்கே வேண்டாம் என்றது அவர் திருத்தம். 5.17 கெர்னலில் அது சேர்ந்தது. சாக்கெட் வரம்பைப் பிறகு நான்காக உயர்த்தினார்கள். இதை நான் சரியான முடிவாகவே பார்க்கிறேன். கவுண்டரைக் கெடுத்துக்கொண்டிருந்தது இப்போது செயலியல்ல, ஃபர்ம்வேர். அதைக் கண்காணிக்கக் கைரேகை போதும். எட்டு சாக்கெட், பதினாறு சாக்கெட் என்று தனித்தனிப் பெட்டிகளைக் கேபிளில் கோத்த இயந்திரங்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் படிகம் இருக்கலாம். அங்கே நாய் குரைப்பதில் நியாயம் உண்டு.

கெர்னலின் ஷெட்யூலர் இந்த வழக்குகளுக்கெல்லாம் காத்திருக்க முடியாது. எந்த நிரல் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதற்கு ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். கவுண்டர் கோளாறானது என்று தெரிந்தாலும் வேகத்துக்காக அதைத்தான் படித்தாக வேண்டும். பீட்டர் ஜில்ஸ்ட்ரா அதற்குச் செய்தது ஒரு வேலி. ஒவ்வொரு டிக்கின்போதும் நம்பகமான நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த டிக் வரை டிஎஸ்சி சொல்வதை அந்த எல்லைக்குள் மட்டும் அனுமதிப்பது. பின்னால் போனால் குறித்த இடத்திலேயே நிறுத்து. அளவுக்கு மேல் முன்னால் ஓடினால் விளிம்பில் பிடி. கோளாறான கவுண்டரால் விளையும் கெடுதல் ஒரு டிக்குக்குள் அடங்கிவிடும்.

வாடகை வீட்டில் கடிகாரம்

மெய்நிகர் இயந்திரத்துக்குள் விருந்தாளியாக ஓடும் கெர்னலுக்கு வேறு விதக் கஷ்டம். அது ஓடாத நேரமும் கவுண்டருக்குள் ஓடியிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சர்வரில் பூட் ஆன விருந்தாளியை, ஓட்டத்தை நிறுத்தாமலே 3 கிகாஹெர்ட்ஸ் சர்வருக்கு மாற்றினால், அது அளந்துவைத்த 'நொடிக்கு இத்தனை' என்பது ஒரே கணத்தில் பொய்யாகிவிடும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இதற்குக் கண்ட வழி, விருந்தோம்புகிறவரே ஒரு பக்கத்தில் கணக்கை எழுதிவைப்பது: இந்த டிஎஸ்சி எண்ணில் நேரம் இவ்வளவு, இனி இந்த எண்ணால் பெருக்கிக்கொள். பக்கத்தைத் திருத்தும்போது அதன் பதிப்பு எண்ணை ஒற்றைப்படையாக்கிவிடும். ஒற்றைப்படையைப் பார்த்த விருந்தாளி, எழுதி முடியும்வரை பொறுத்து மறுபடி படிக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியும் இதே சாயலில் ஒரு பக்கத்தைக் கொடுக்கிறது. பின்னால் விருந்தாளிக்கு வேறு வேகத்தில் கவுண்டரைப் பெருக்கிக் காட்டும் வசதி செயலிகளுக்குள்ளேயே வந்துவிட்டதால் இந்த வலி வெகுவாகக் குறைந்தது.

ஆர்ம் உலகம் எக்ஸ்86-இன் பாடுகளைப் பார்த்தபின் வந்தது. அங்கே கவுண்டர் செயலியின் துடிப்போடு சேராத தனி உறுப்பு, எல்லாக் கோர்களுக்கும் பொது, மாறாத வேகம் என்று ஆவணத்திலேயே விதி. ஆனாலும் ஆர்ம் வகைச் சிப்பான ஏ64-இல் அந்தத் தேதித் தாவல் நடந்தது. அது மட்டுமா? ஆர்ம் நிறுவனத்தின் சொந்த கார்டெக்ஸ்-ஏ73-இல் கீழ் 32 பிட் புரளும் கணத்தில் படித்தால் தப்பான எண் வரலாம். லினக்ஸ் இரண்டு முறை படித்து, நடுவே 32-ஆம் பிட் மாறியிருந்தால் முதலாவதை எடுத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ்கேல் சிப் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு வாசிப்பு ஒத்துவரும் வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆவணம் ஒழுங்காக இருந்தது; அதன்படி கம்பி இழுத்தவர்கள் பல நிறுவனத்தார்.

இதை முதலிலேயே ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஐபிஎம் தன் சிஸ்டம்/370-இல், அதாவது 1970-லேயே, நாள்-நேரக் கடிகாரத்தைக் கட்டமைப்பின் ஒரு பாகமாக்கிவிட்டது. அதன் விதி, கடிகாரத்தைச் சேமிக்கும் கட்டளையை ஒரே செயலியிலோ வெவ்வேறு செயலிகளிலோ இரண்டு முறை ஓட்டினால், ஒரே எண் இரண்டு தடவை வரவே கூடாது என்கிறது. பென்டியத்துக்கு 23 ஆண்டு முந்திய விதி அது. அதற்கு ஆன செலவை மெயின்ஃபிரேம் வாங்கியவர்கள் கொடுத்தார்கள். பிசி வாங்கிய நாம் கொடுக்கவில்லை.

லினக்ஸ் பூட் ஆகும்போது கொடுக்கக்கூடிய விருப்பங்களில் டிஎஸ்சிக்கென்றே ஒரு சிறு குடும்பம் சேர்ந்துவிட்டது. 'நம்பலாம்' என்று ஒன்று, 'வாட்ச்டாக் வேண்டாம்' என்று ஒன்று. லாகில் 'நிலையற்றது' என்ற வரியைப் பார்த்ததும் முதலாவதைப் போட்டு வாயடைப்பவர்கள் நிறைய. அதற்கு முன் ஃபர்ம்வேர் பிழை என்ற வரி பக்கத்தில் இருக்கிறதா, எச்பெட் அந்தத் தளத்தில் தூங்கும் வகையா என்று பார்த்துவிடுவது நல்லது. வரியை மறைத்தாலும் பிசகிய கவுண்டர் பிசகியபடியேதான் ஓடும்.

2023-இல் அந்தக் குடும்பத்தில் மெக்கென்னியின் கையால் இன்னொன்று சேர்ந்தது. டிஎஸ்சியை நம்பலாம் என்று கெர்னல் முடிவு செய்த இயந்திரங்களில் மட்டும், டிஎஸ்சியையே அளவுகோலாக வைத்து எச்பெட்டும் பவர் மேனேஜ்மென்ட் டைமரும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதிக்கலாம். பதினைந்து ஆண்டுக்கு மேல் கூண்டில் நின்றவர் இப்போது சாட்சி சொல்கிறார். ஓணான்கள் கூண்டில் நிற்கின்றன.